வாய் திறக்காத பிள்ளை ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக முடியுமா?

வணக்கம் அம்மா.

போன வாரம் நீங்களும் தம்பியும் வந்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "நாலு பேர் முன்னால வாயைத் திறக்க மாட்டான் சார், இவனுக்கு எப்படி ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை சரிப்படும்?" என்றீர்கள். ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டீர்கள். நேரில் விட்டுப்போனதை எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

நீங்கள் போன் பேச வெளியே போயிருந்தபோது, கல்லூரியில் கடைசி வருடம் செய்த ப்ராஜெக்ட் பற்றித் தம்பியிடம் கேட்டேன். நான்கு பேர் டீம். அதில் ஒரு பையன் இரண்டு வாரமாக "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். மற்ற இருவரும் பேராசிரியரிடம் புகார் சொல்லலாம் என்றார்கள். தம்பி ஒரு சாயங்காலம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த இடத்துல நிக்குதுன்னு காட்டு, நானும் பாக்குறேன்" என்றாராம். அரை மணி நேரம் ஏதேதோ காட்டிக்கொண்டிருந்துவிட்டு அவன் உண்மையைச் சொன்னான். டேட்டாபேஸ் பகுதி ஆரம்பத்திலிருந்தே புரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது என்று. தம்பி அந்தப் பகுதியைத் தான் வாங்கிக்கொண்டு, தன் கையில் இருந்த ஸ்க்ரீன் டிசைன் வேலையை அவனுக்குக் கொடுத்தார். ப்ராஜெக்ட் சொன்ன தேதிக்கு முடிந்தது.

இதை அவர் ஒரு பெரிய காரியமாகவே சொல்லவில்லை. எனக்கோ, இந்த வேலைக்கு வேண்டிய மனிதத் திறன் எது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரளமாகப் பேசுவதும் மேடையில் கைதட்டல் வாங்குவதும் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜரை நான் எடைபோடுவது வேறொன்றை வைத்து: டீமில் ஒருவருக்கு வேலை சிக்கலாகிறது என்றால், அது இவர் காதுக்கு எத்தனை சீக்கிரம் வருகிறது? தாமதமாகிப் போன எந்த வேலையைத் தோண்டிப் பார்த்தாலும், தாமதமாகும் என்று டீமில் யாரோ ஒருவருக்குச் சில வாரம் முன்பே தெரிந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டார். அல்லது சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் மேனேஜரே துருவித் துருவித் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள். பத்துப் பேரானால் அது 45. அத்தனை பேச்சிலும் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால் விஷயம் தானாக அவரைத் தேடி வர வேண்டும். திட்டினால் வராது.

இதைப் பற்றி நன்றாக ஆராய்ந்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுக்கும்போது நேரும் தவறுகளை 1990களில் ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் அங்கேதான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அப்புறம்தான் விளங்கியது: அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் பேசினார்கள், மற்ற இடங்களில் பயந்து மறைத்தார்கள். தயங்காமல் உண்மையைச் சொல்ல முடிகிற அந்தச் சூழலை 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் 1999ல் வெளியான தன் கட்டுரையில் விளக்கினார். இன்று மேலாண்மை படிப்பவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைக் கற்கிறார்கள்.

சொன்ன பிறகும் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் இருக்கிறது. 1986 ஜனவரி 28 காலை கிளம்பி 73 விநாடியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். இத்தனை குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று அவற்றை நன்கு அறிந்த பொறியாளர்கள் முந்தின இரவே எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய மேலாளர்களே கடைசியில் விண்கலத்தைக் கிளப்பச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

சரி, இதை எப்படிப் பழகுவது? தம்பி, இது உங்களுக்கு. நீங்கள் டீமை வாரம் ஒருமுறை கூட்டிப் பேசும்போது "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் 90 என்பார்கள். அடுத்த வாரமும் 90 என்பார்கள். "இன்னும் என்னென்ன பாக்கி? யாரிடமிருந்தாவது ஏதாவது வர வேண்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். சதவீதம் சொல்லித் தப்பிப்பது சுலபம். பாக்கிப் பட்டியல் சொல்ல உட்கார்ந்தால் சிக்கல் எங்கே என்று சொல்பவருக்கே தெரிந்துவிடும்.

ஒருவர் வந்து "இது வெள்ளிக்கிழமைக்குள் முடியாது" என்கிறார் என்று வையுங்கள். உங்கள் வாயில் முதலில் வரப்போவது "ஏன் முன்னாடியே சொல்லல?" என்ற கேள்வி. தயவுசெய்து அதை விழுங்கிவிடுங்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் இன்னும் தாமதமாகத்தான் சொல்வார், பக்கத்து மேஜையில் இருப்பவரும் அப்படித்தான். "சொன்னது நல்லதாப் போச்சு. எவ்வளவு நாள் தேவைப்படும்? யார் உதவினா சீக்கிரம் முடியும்?" இவ்வளவு போதும். ஏன் தாமதமானது என்பதை வேலை முடிந்த பிறகு, அவரோடு தனியாக, நிதானமாகப் பேசலாம்.

இது வரை சொன்னதெல்லாம் அமைதியான ஆட்களுக்கு நன்றாகவே வரும். கேட்பார்கள், குறுக்கே பேச மாட்டார்கள். மீட்டிங் முடிந்த அன்றே யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று நாலு வரி மெயில் எழுதி அனுப்புவதும் இவர்களுக்குப் பழகிவிடும். அந்த நாலு வரி பல சண்டைகளைத் தடுத்திருக்கிறது.

ஆனால் அம்மா, தம்பிக்கு உண்மையான குறை ஒன்று இருக்கிறது. நீங்கள் பயப்படுகிற கூச்சம் இல்லை அது. தனக்குச் சம்மதம் இல்லாத இடத்திலும் பேசாமல் இருந்துவிடுகிறார். "முதல்ல எம்பிஏ முடிக்கட்டும், அப்புறம் இதெல்லாம்" என்று நீங்கள் சொன்னபோது அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதைக்கு எம்பிஏ வேண்டாம், இரண்டு வருடம் வேலையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இதே பழக்கம் வேலையில் தொடர்ந்தால், கிளையன்ட் ஆறு வாரத்தில் வேண்டும் என்பார், இவர் தலையாட்டிவிட்டு வருவார், டீம் ராத்திரி ராத்திரியாக விழித்திருக்கும். எனக்கு இந்த ஒன்றில்தான் கவலை.

அதனால் தம்பி, ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: "டீமிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்." அந்த இடத்திலேயே மறுத்துப் பேசும் தைரியம் எல்லாருக்கும் வராது, வர வேண்டும் என்றும் இல்லை. மறுநாள் கட்டாயம் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்ன நிலைமை, அதனால் என்ன பாதிப்பு, நமக்கு இருக்கும் இரண்டு மூன்று வழிகள், அவற்றில் நான் எதைச் சொல்வேன், எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும். இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் குரல் நடுங்கினாலும் விஷயம் நடுங்காது.

சர்டிபிகேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்குத் தேர்வு வைத்து சர்டிபிகேட் தரும் பிஎம்ஐ என்ற அமைப்பின் பிஎம்பி தேர்வுக்கு, நான்கு வருடப் பட்டம் பெற்றவர்கள் 36 மாதங்கள் ப்ராஜெக்ட்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். அதனால் இப்போது அவசரம் இல்லை. அனுபவம் கேட்காத, அதே அமைப்பின் கேப்எம் என்ற ஆரம்பநிலைத் தேர்வை வேண்டுமானால் எழுதலாம், அதற்கு 23 மணி நேரப் பயிற்சி முடித்திருந்தால் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 ஜனவரியில் பிஎம்பி தேர்வை மாற்றி அமைத்தபோது கேள்விகளில் 42 சதவீதத்தை மனிதர்களைக் கையாள்வதற்கென்றே ஒதுக்கினார்கள். மனப்பாடம் செய்து அதில் தேறுவது கஷ்டம்.

ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கு அவரே ஆசைப்பட்டால் போகட்டும். நான் சொல்வது அதைவிடச் சின்ன வேலை. மாதம் ஒருமுறை கூட வேலை செய்யும் ஒருவரிடம், "என்னோட வேலை செய்யறதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்போது விளக்கம் சொல்லக் கூடாது, குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். முதல் முறை பெரும்பாலும் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். மூன்றாவது நான்காவது முறையில்தான் உண்மை வரும், அது கொஞ்சம் வலிக்கவும் செய்யும். ஒரு வருடம் விடாமல் இதைச் செய்தவர்கள் மாறிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அன்று நான் தம்பியிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். பிள்ளை மேல் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஏதாவது தப்பாகிவிட்டது என்று பிள்ளைகள் முதன்முதலில் வந்து சொல்வது வீட்டில்தான். அங்கே என்ன பதில் கிடைக்கிறதோ அதைத்தான் ஆபீஸிலும் எதிர்பார்த்து நிற்பார்கள். எம்பிஏ பேச்சை இந்த வாரம் மறுபடி எடுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை, எவ்வளவு நேரம் ஆனாலும், நீங்கள் இடையில் பேசாமல் கேளுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவரைத் தனியாக அனுப்புங்கள். இப்போது வேலையில் சிக்கி நிற்கும் ஒரு விஷயத்தை நான் சொன்ன அந்த வரிசையில் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.