கழுத்துப் பட்டியில் கொப்புளமா? ஒட்டும் கேன்வாஸ் கேள்வி-பதில்

கேள்வி: கலம்காரி காட்டன் ப்ளவுஸ். முதல் தடவை நனைத்ததுமே கழுத்தைச் சுற்றிக் கொப்புளம் எழும்பிவிட்டது. "துணி சரியில்லை" என்கிறார் டெய்லர். (அல்சூர்)

பதில்: கழுத்து ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கேன்வாஸ் (கழுத்து மடங்காமல் நிற்க உள்ளே வைத்து, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத் துணி) சுலபமாக உரிந்து, பசைப் புள்ளிகள் உருகாமல் அதிலேயே இருந்தால் சூடு போதவில்லை. நன்றாக ஒட்டியிருந்தும் துணி சுருங்கி நின்றால், நனைத்துக் காயவைக்காமலேயே வெட்டியிருக்கிறார்கள். இரண்டும் அவர் வேலை, உங்கள் துணியின் குற்றம் இல்லை. கூலி வாங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். தையல் கூலியும் சேவைக்குக் கொடுத்த பணம்தான்.

கேள்வி: ஒட்டும் பக்கம் எது? (விவேக்நகர்)

பதில்: தடவினால் சொரசொரப்பாக இருக்கும் பக்கம். அது துணியின் உள்பக்கத்தில் படியட்டும்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று 10 மீட்டர் வாங்கினேன். அட்டை மாதிரி விறைக்கிறது. சுடிதார் கழுத்துக்கு வைக்கலாமா? திருப்பி அனுப்பும் தேதியும் போய்விட்டது. (வொயிட்ஃபீல்ட்)

பதில்: வைக்காதீர்கள், கழுத்து விறைத்து நிற்கும். பைக்கும் தொப்பி விளிம்புக்கும் ஆகும். படத்தில் விறைப்பு தெரியாது. ஜிஎஸ்எம் எண்ணை (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதை) பார்க்காமல் 10 மீட்டர் எதற்கு?

கேள்வி: வீட்டிலேயே தைத்துப் பிழைக்கிறேன். சிக்பேட்டையில் வாங்கிய கேன்வாஸ் ஒட்டவே இல்லை. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. (ஸ்ரீராமபுரம்)

பதில்: அந்த வரிக்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பதும் அப்படியே. அதே வட்டாரத்தில் ஒரு கடை எனக்கும் இதே மாதிரி ஒட்டாத சுருளை விற்று, "உங்க இஸ்திரிப் பெட்டிதான் சரியில்ல" என்றது. பெட்டியை மாற்றியும் ஒட்டவில்லை.

எனக்குத் தீராத ஆத்திரம் இதுதான். ஊசி, நூல், பட்டன் எல்லாம் பெயரும் விலையும் போட்ட உறையில் வருகின்றன. கேன்வாஸை மட்டும் சுருளிலிருந்து கிழித்து, பழைய பேப்பரில் சுற்றித் தருகிறார்கள். என்ன பசை, எவ்வளவு சூடு, டிரைவாஷ் தாங்குமா, ஒன்றும் சொல்வதில்லை. சுருளின் உறையில் இருப்பதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாத கடையில் வாங்காதீர்கள். நட்டமாவது கேன்வாஸ் காசு மட்டுமில்லை. வாடிக்கையாளர் துணியும் உங்கள் ஒருநாள் கூலியும் போகிறது.

ஒட்டுகிறதா என்று பார்க்க, கேன்வாஸில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, அதே துணியின் ஓரத்தில் வையுங்கள். மேலே ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் 10, 15 விநாடி அழுத்துங்கள். முழுக்க ஆறிய பிறகு பிடித்து இழுங்கள். கையோடு வந்துவிட்டால் அந்தத் துண்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: இஸ்திரிப் பெட்டியின் அடியில் பசை அப்பிவிட்டது. புதிது வாங்கவா? (சிவாஜிநகர்)

பதில்: வேண்டாம். சூடாக இருக்கும்போதே பழைய காட்டன் துணிமேல் திரும்பத் திரும்பத் தேயுங்கள், வந்துவிடும். பிளேடால் மட்டும் சுரண்டாதீர்கள்.