வேனின் பின்னால் 100 கி.மீ. வேகம்: எந்தப் பாகத்தை வாங்கலாம்?

கேள்வி: என்னிடம் பந்தய சைக்கிள் இருக்கிறது. சமதரையில் 40 கி.மீ. வேகம் வரை போகிறேன். நண்பர் ஓட்டும் வேனை ஒட்டிப் பின்னால் போய் 100 கி.மீ. வேகத்தைத் தொட ஆசை. 60 பல் செயின்ரிங் (பெடலோடு சுழலும் முன் பற்சக்கரம்), பக்கவாட்டில் அகன்ற ஆழமான கார்பன் ரிம், காற்றுத் தடையைக் குறைக்கும் ஏரோ ஹேண்டில்பார் மூன்றையும் சேர்த்து 'அதிவேகத் தொகுப்பு' என்று ஒரு விற்பனையாளர் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த மூன்றில் ஒன்று வீண், ஒன்று ஆபத்து, ஒன்று போதாது.

உங்கள் ஆசை நடக்காத ஒன்றல்ல. தனியாகப் போகும்போது வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. 40 கி.மீ. வேகத்துக்கு 300 வாட் என்றால், 80க்கு 2,400 வாட். அதை எந்த மனிதராலும் நிமிடக்கணக்கில் தர முடியாது. முன்னால் போகும் வண்டி காற்றைப் பிளந்துகொடுத்தால் கணக்கே மாறிவிடும். 1899இல் சைக்கிள் வீரர் சார்லஸ் மர்ஃபி ரயிலின் பின்னால் ஒரு மைலை 57.8 விநாடியில் ஓட்டினார். 2018இல் டெனிஸ் முல்லர்-கொரெனெக் அமெரிக்காவின் பானெவில் உப்புவெளியில் ஒரு பந்தயக் காரின் பின்னால் 296 கி.மீ. வேகத்தைத் தொட்டார்.

விற்பனையாளர் சொல்லாமல் விடுவது இதைத்தான்: வண்டியின் மறைவுக்குள் காற்று பெரும்பாலும் வண்டியோடு சேர்ந்தே நகர்கிறது. எதிர்க்காற்றே இல்லாத இடத்தில் ஏரோ ஹேண்டில்பார் எதைப் பிளக்கும்? அவர் காட்டும் காற்றுச் சுரங்க வரைபடம், எதிர்க்காற்றில் தனியாகப் போகிறவருக்கு உரியது. ஆழமான ரிம் இன்னும் மோசம். மறைவின் ஓரங்களில் காற்று சுழன்று அடிக்கும். அந்தச் சுழலில் அகன்ற முன் ரிம் சிக்கினால் ஹேண்டில் உங்கள் கையை மீறித் திரும்பும். முல்லர்-கொரெனெக்கின் சைக்கிளைப் பாருங்கள்: நீண்ட சட்டம், 17 அங்குல மோட்டார் சைக்கிள் சக்கரங்கள், இரண்டு கட்டச் செயின் அமைப்பு. காற்றைப் பிளப்பதற்காக அல்ல, நேராக ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அது.

செயின்ரிங் கணக்கு எளிது. 60 பல் முன்னால், 11 பல் பின்னால் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 11.5 மீட்டர் நகர்வீர்கள். 100 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 145 சுற்று மிதிக்க வேண்டும். கால்கள் அப்படிச் சுழலும்போது உடல் இருக்கையில் துள்ளும். வேனின் பின்பக்கமோ முன் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும்.

அந்த ஒரு மீட்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறீர்கள். நண்பர் பிரேக்கை அழுத்தியது உங்கள் கைக்கு எட்டும் முன்பே மோதல் முடிந்திருக்கும். கை மின்னல் வேகத்தில் இயங்கினாலும் தப்ப முடியாது. ஓரளவுக்கு மேல் பிரேக் பிடித்தால் சைக்கிள் முன்னால் குப்புறக் கவிழும். வேனுக்கு அந்த எல்லை இல்லை. அது எப்போதும் உங்களைவிடச் சீக்கிரம் நிற்கும்.

வண்டியை ஒட்டிப் பின்னால் போகாதீர்கள் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். வெலோட்ரோம் எனும் சைக்கிள் பந்தயத் தளத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. அங்கே மோட்டார் சைக்கிளின் பின்புறம் தடையின்றிச் சுழலும் உருளை பொருத்தப்பட்டிருக்கும். முன் சக்கரம் அதைத் தொட்டால் உருளை சுழலும், சக்கரம் சிக்காது. சைக்கிளின் முன் சக்கரம் சிறியது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கம் பார்த்துத் திருப்பப்பட்டிருக்கும்; அதனால் ஓட்டுபவர் உருளையை நெருங்கலாம், ஹேண்டிலும் எளிதில் அலையாது. மோட்டார் சைக்கிளை ஓட்டுபவர் அதற்கென்றே பழகியவர். திடீரென வேகத்தைக் குறைக்க மாட்டார். எதிரே வண்டி வராது. உருளை, ஃபோர்க், பழகிய ஓட்டுநர், மூடிய தளம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அது விதிவிலக்கு ஆகாது. நண்பரின் வேனில் நான்குமே இல்லை.

டயரையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் டயரில் எந்த வேகம் வரை தாங்கும் என்பதற்கு ஓர் எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண சைக்கிள் டயரில் அளவும் காற்றழுத்தமும்தான். 100 கி.மீ. வேகத்தில் சுழலும் ரிம்மில் 10 கிராம் வால்வு இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு வெளிப்பக்கம் இழுக்கிறது. அதிவேகம் என்று விளம்பரம் செய்து விற்க அனுமதிப்பவர்கள், எந்த வேகத்தில் சோதித்தீர்கள் என்று ஏன் கேட்பதில்லை? சைக்கிளுக்கான சர்வதேசத் தரநிலையில் பிரேக் சோதனை உலர்ந்த தரையில் 25 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. அந்தத் தரச்சான்றைக் காட்டித்தான் 100 கி.மீ. கனவை விற்கிறார்கள். பல ஆண்டுகளாக இதைச் சொல்லி அலுத்துவிட்டது.

'சாதனை முயற்சி' என்று பணம் வாங்கிக்கொண்டு வண்டியும் சான்றிதழும் ஏற்பாடு செய்யும் இடைத்தரகர்களும் உங்களைத் தேடி வருவார்கள். முன் வண்டியின் ஓட்டுநர் எத்தனை முறை சைக்கிளுக்கு முன்னால் ஓட்டியிருக்கிறார், சாலையை மூட யார் எழுத்தில் அனுமதி தந்தார்கள் என்று கேளுங்கள். பேச்சு உடனே சான்றிதழின் சட்டகத்துக்குத் தாவும். எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். வெலோட்ரோமில் பயிற்சி தரும் கழகத்தில் சேர்ந்து, முதல் பருவம் முழுவதும் உருளையைத் தொடாமல் ஒரே இடைவெளியில் பின்தொடரப் பழகுங்கள். அதற்கு அந்தத் தொகுப்பில் எதுவும் வேண்டாம். சைக்கிளைக் கழகமே தரும் என்றால் உங்கள் சைக்கிள்கூடத் தேவையில்லை.