அம்மை போட்ட வீட்டிலிருந்து தொட்டில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம், முதல் பிரசவம். எங்கள் குடியிருப்பில் வேறு பிளாக்கில் இருப்பவர் மரத்தொட்டில், ஸ்ட்ரோலர், இரண்டு பை நிறையத் துணி, பொம்மைகள், பால் பாட்டில்கள் எல்லாம் தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை போய் எடுப்பதாக இருந்தோம். நேற்று அவரே போன் செய்து, ஆறு வயதுப் பையனுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது என்றார். மாதக் கடைசியில் அவர்கள் வீடு காலி செய்கிறார்கள். வாசலில் வைத்துவிடுகிறேன், யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த வீட்டுப் பொருளே வேண்டாம் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்துவர நீங்கள் போக வேண்டாம்.

சின்னம்மை பெரும்பாலும் காற்றில்தான் பரவுகிறது. கொப்புளத்து நீர் படுவது இன்னொரு வழி. மனித உடம்பை விட்டு வெளியே வந்துவிட்டால் இந்த வைரஸுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை சோப்பு பட்டால் கரைந்துவிடும். காய்ந்த மரத்திலும் துணியிலும் அது நீண்ட நேரம் தாங்காது. உங்கள் குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் அந்தத் தொட்டிலில் அம்மைக் கிருமி மிச்சமிருக்க வழியில்லை. பயமெல்லாம் தொட்டில் எடுக்கப் போன இடத்தில், "உள்ள வாங்க, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றதும் உட்கார்ந்துவிடுகிறோமே, அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான். அம்மை போட்டவரோடு ஒரே அறையில் 15 நிமிடம் இருந்தாலே தொற்றக்கூடிய தொடர்பு என்றுதான் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

அதனால் தொட்டில் பற்றிய கவலையை விடுங்கள், முதலில் இதை யோசியுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தீர்களா? பொருட்களைப் பார்க்கப் போனபோது அந்தப் பையன் பக்கத்தில் நின்றானா? அப்படியென்றால் இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். உங்களுக்குச் சின்னம்மை ஏற்கெனவே வந்திருந்தால் அநேகமாகக் கவலையில்லை. ஆனால் "சின்ன வயசுல அம்மை போட்டுச்சு" என்ற நினைவை மட்டும் நம்பாதீர்கள். அது தட்டம்மையாகவும் இருந்திருக்கலாம். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், நீர் கோத்த கொப்புளமா, வெறும் சிவந்த தடிப்பா என்று. அவருக்கும் நினைவில்லை என்றால், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இல்லை என்று வந்தால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசியோ, வைரஸை அடக்கும் மாத்திரையோ தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அந்த ஊசியைத் தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போட முடியாது. பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சின்னம்மை கடுமையாகவே வரும். கர்ப்பிணிகளுக்கு நிமோனியா வரை போகலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால் பிறந்த குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

மாமியார் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள், அதில் பாதி சரி. வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் விடும் வரை யாரையும் வீட்டுக்குள் சேர்க்காத வழக்கம் நல்ல தனிமைப்படுத்தல்தான். கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை பரவும் என்பது மருத்துவக் கணக்கு. புதுக் கொப்புளம் நின்று, வந்ததெல்லாம் காய, பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும். தண்ணீர் விடும் நாளும் ஏறக்குறைய அதையொட்டித்தான் வருகிறது. மீதிப் பாதி, பொருளிலேயே தோஷம் ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம். அதற்குச் சோப்பும் வெயிலும் போதும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

சரி, யார் போவது? சின்னம்மை வந்து போனவரோ, இரண்டு தவணை தடுப்பூசி போட்டவரோ போகட்டும். உங்கள் கணவருக்கு இரண்டும் இல்லையென்றால் வேறு ஆள் பாருங்கள். அவருக்கு வந்தால் உங்களுக்கும் வரலாம். வீட்டு வாசலைவிடக் கார் நிறுத்துமிடமோ செக்யூரிட்டி அறை வெளித்திண்ணையோ நல்லது. துணிப்பைகளை இறுகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பையன் வீட்டுக்குள் இருக்கட்டும். வீடு காலி செய்ய நாள் இருக்கிறதே, பொருக்குத் தட்டிய பிறகே எடுத்தால் இன்னும் நிம்மதி. அந்த வீட்டில் தாத்தா பாட்டிக்கு அக்கி இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்; அதே வைரஸ்தான் அது.

வந்த பையைப் பால்கனியில் இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்க விடுங்கள். பிறகு வேறு யாராவது பிரித்து, உதறாமல் மெஷினில் போட்டு, வழக்கமான சோப்புத்தூளில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடட்டும். தொட்டிலையும் ஸ்ட்ரோலர் கைப்பிடியையும் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

அந்த வீட்டில் இருந்தது வாந்தி பேதியோ, கை கால் வாயில் கொப்புளம் வருகிற நோயோ என்றால் என் பதில் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை இல்லை, சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. பொம்மையிலும் கைப்பிடியிலும் பல நாள் இருக்கும். அப்போது முதலில் சோப்பு போட்டுக் கழுவி, அப்புறம் ப்ளீச் கரைசல் தடவ வேண்டும். பாட்டிலில் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. பத்து நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். சிரங்கு என்றால் துணியை வெந்நீரில் துவைக்கலாம், அல்லது பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடலாம், பூச்சி செத்துவிடும். காசநோய் துணியாலும் பாத்திரத்தாலும் பரவுவதில்லை, ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசுவது வேறு விஷயம்.

இனி, அம்மையே இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்று சொல்லும் பொருட்கள். பழைய பாட்டில் நிப்பிள், சூப்பான், திறந்த பால்பவுடர் டப்பா, மிச்ச மருந்து. உள்ளே கழுவ முடியாத ஸ்பாஞ்ச் மெத்தை. விபத்தில் அடிபட்டதா என்று தெரியாத கார் சீட். வாக்கர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். தொட்டில் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும், அளந்து பாருங்கள்.

துணிப்பையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை வருகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பலர் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. நாப்தலினில் செய்த பாச்சை உருண்டையோடு பரணில் கிடந்த துணியை அப்படியே போட்டால், ஜி6பிடி (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். பிறக்கும் முன் அந்தக் குறைபாடு இருப்பது நமக்குத் தெரியாது. உருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டு, துணியைத் துவைத்து வாசனை அறவே போகும் வரை வெயிலில் போடுங்கள். போகாவிட்டால் அந்தத் துணி வேண்டாம்.

அந்தப் பையனோடு தொடர்பு இருந்திருந்தால், அன்றிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் காய்ச்சலோ கொப்புளமோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மருத்துவமனைக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள். மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராமல் உங்களைத் தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.