திங்கட்கிழமை உஃபிஸி டிக்கெட்டா? ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்

கேள்வி: அக்டோபரில் ரோமிலிருந்து ரயிலில் ஃப்ளாரன்ஸ் போகிறோம். நான், கணவர், மாமியார் மூன்று பேர். சனி, ஞாயிறு, திங்கள் அங்கே தங்கல். உஃபிஸி அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் சனி, ஞாயிறு இரண்டுக்கும் டிக்கெட் இல்லை என்று வருகிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், தலைக்கு 85 யூரோ கொடுத்தால் திங்கள் காலைக்கு வரிசையில் நிற்காமல் நுழையும் டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்கிறார். அன்று மதியமே வாடகைக் கார் எடுத்து கியாந்தி ஒயின் தோட்டம் பார்க்கலாமாம். கணவருக்கு ஒயினில் ஆசை. மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். பணம் கட்டலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கட்டாதீர்கள். விலை அதிகம் என்பதெல்லாம் அப்புறம். உஃபிஸிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவுக்கும் அன்றுதான் விடுமுறை. பூட்டிய கதவுக்கு 85 யூரோ கேட்கிறவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே கேட்கிறார். உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கடைசி நேரத்தில் “நேரம் மாறிவிட்டது” என்று ஒரு செய்தி வரும், நீங்கள் ரோமில் இருப்பீர்கள், அவர் போனை எடுக்க மாட்டார்.

நியாயமான விலை என்ன என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். 2025 கணக்குப்படி உஃபிஸி நுழைவு 25 யூரோ, முன்பதிவுக்கு மேலே 4 யூரோ. 18 வயதுக்குக் கீழே இலவசம். மாமியாருக்கு மூத்த குடிமக்கள் சலுகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி ஒன்று இல்லை. ஆக 29 யூரோவுக்கும் 85 யூரோவுக்கும் நடுவில் இருப்பது யாருடைய பாக்கெட் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, தளத்தில் டிக்கெட் இல்லையே, என்ன செய்வது? முதலில் உங்கள் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறா என்று காலண்டரைப் பாருங்கள். முதல் ஞாயிறு என்றால் அரசு அருங்காட்சியகங்களில் எல்லோருக்கும் இலவசம், அன்றைக்கு முன்பதிவே கிடையாது. ஞாயிறுக்குத் தளத்தில் டிக்கெட் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இலவசம் என்று ஓடிவிடாதீர்கள். அன்றைய வரிசையில் வயதானவரை நிறுத்துவது பாவம்.

அடுத்தது, நீங்கள் பார்த்தது உண்மையிலேயே அருங்காட்சியகத்தின் தளமா? தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த இடைத்தரகர் தளங்கள். ஓவியர் போத்திசெல்லியின் வீனஸ் படம் மேலே இருக்கும், முகவரியில் ‘ஃப்ளாரன்ஸ்’, ‘டிக்கெட்’, ‘மியூசியம்’ என்ற சொற்களை ஒட்டவைத்து டாட் காம் என்று முடித்திருப்பார்கள். அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி உஃபிஸி என்ற ஒற்றைப் பெயர், கடைசியில் இத்தாலிக்கான ஐ.டி. என்ற இரண்டு எழுத்து. அவ்வளவுதான். அங்கே போய், உஃபிஸியோடு பித்தி அரண்மனையும் போபோலி தோட்டமும் சேர்ந்த ஐந்து நாள் டிக்கெட்டையும் தனியாகத் தட்டிப் பாருங்கள். ரத்தாகும் இடங்கள் திரும்பவும் விற்பனைக்கு வருவதுண்டு என்பதால், காலையில் ஒருமுறை இரவில் ஒருமுறை பார்ப்பது வீண் போகாது. கார்டில் பணம் போகவில்லையா? வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். அதை ஆன் செய்யாமல் “தளம் வேலை செய்யவில்லை” என்று ஏஜென்ட்டிடம் ஓடுகிறவர்கள் ஏராளம்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், சனிக்கிழமை பிற்பகல் நேராகக் கவுன்டருக்குப் போங்கள். அன்றைய டிக்கெட் அங்கேயும் விற்பார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு வாசல், செய்யாதவர்களுக்கு வேறு வாசல். காலை பத்து மணிக் கூட்டம் மதியம் மூன்றுக்கு மேல் தளரும். உள்ளே மூச்சு விட்டுப் பார்க்க அதுதான் நல்ல நேரமும்.

‘வரிசையில் நிற்காத டிக்கெட்’ பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முன்பதிவு செய்த எல்லா டிக்கெட்டும் வரிசையைத் தாண்டும் டிக்கெட்தான். டிக்கெட் வாங்கும் வரிசையைத்தான் தாண்டும். பையைச் சோதிக்கும் வரிசையை எந்த டிக்கெட்டும் தாண்டாது. அப்புறம் ‘ஹோஸ்டட் என்ட்ரி’ என்று ஒன்று விற்கிறார்கள். உஃபிஸியை ஒட்டிய சதுக்கத்தில் சிலைகள் நிற்கும் திறந்த மண்டபத்தின் ஓரம் ஒரு பையன் கலர் குடையைத் தூக்கிப் பிடித்து நிற்பான். பெயரைப் பார்ப்பான், போனில் டிக்கெட்டை அனுப்புவான், வாசலைக் கை காட்டுவான், அடுத்த குடும்பத்துக்குத் திரும்பிவிடுவான். அந்தக் கை காட்டலுக்குத்தான் இரட்டிப்பு விலை.

இந்த வியாபாரம் எப்படி வளர்ந்தது என்பது ரகசியமில்லை. ரோமின் கொலோசியத்தில் மென்பொருளை வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளிய விவகாரத்தில், 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம், டிக்கெட் விற்கும் பொறுப்பிலிருந்த அமைப்புக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. நல்லது. ஆனால் அதற்கு எத்தனை வருடம்! சாதாரணக் குடும்பம் தளத்தைத் திறந்தால் காலி, தரகர் தளத்தைத் திறந்தால் அதே நாள், அதே நேரம், மூன்று மடங்கு விலை. உஃபிஸி கட்டடத்தை 1560-இல் கட்டடக் கலைஞர் வசாரி அரசு அலுவலகங்களுக்காகத்தான் கட்டத் தொடங்கினார். அருங்காட்சியகம் ஆன பிறகும் அதற்கு அலுவலகப் புத்தி போகவில்லை என்றே தோன்றும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இதை வைத்துத்தான் ஏஜென்ட் உங்களை மடக்குவார். கூடுதல் பணம் கொடுப்பது நியாயமாகும் ஒரே இடம், உரிமம் பெற்ற வழிகாட்டி உங்களோடு உள்ளே வருவது. குடைக்காரப் பையன் வழிகாட்டி இல்லை. இத்தாலியில் வழிகாட்டித் தொழிலுக்கு உரிமம் வேண்டும், படம் போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்கும். அந்த ஆள் உங்களை ஓர் அறையில் பொன் பின்னணியில் வரைந்த மாதா படத்தின் முன் நிறுத்தி, சில அறைகள் தள்ளி போத்திசெல்லியின் ‘வசந்தம்’ முன் நிறுத்தி, நடுவில் என்ன நடந்தது என்று சொல்வார். அது தெரியாமல் போனால் மூன்றாவது அறையிலேயே மாமியார் பெஞ்ச் தேடுவார்.

ஆகவே ஏஜென்ட் “கைடோடு சேர்த்துத்தான் 85” என்றால் நாலு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி உள்ளேயும் வருகிறாரா, வாசல் வரைதானா? எத்தனை மணி நேரம்? குழுவில் எத்தனை பேர்? நுழைவுக் கட்டணம் இதில் அடக்கமா, தனியா? நாலுக்கும் எழுத்தில் பதில் வந்தால், கிழமையும் திங்களாக இல்லாவிட்டால், அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ‘ஸ்கிப் த லைன்’, ‘வி.ஐ.பி.’, ‘எக்ஸ்பிரஸ்’ என்று மட்டுமே பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். “கைடு இல்லை, ஆனால் ஆடியோ கைடு உண்டு” என்பதும் இதில் சேராது. ஆடியோ கைடு ஆள் இல்லை.

உஃபிஸி கிடைக்காமலே போனாலும் ஊர் வறண்டுவிடாது. போத்திசெல்லி அடக்கமானது ஒன்யிசாந்தி தேவாலயத்தில். அவர் வரைந்த புனித அகஸ்டின் சுவரோவியமும் அங்கேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. சாந்தா த்ரினிதா தேவாலயத்தில் கிர்லாந்தாயோவின் சுவரோவியங்கள். ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்து லொரென்சோவும் அந்த ஓவியக் கூட்டத்தில் ஒருவராக நிற்பார். விளக்கு எரியச் சில்லறை நாணயம் போடவேண்டியிருக்கும், பையில் வைத்திருங்கள். போந்தே வெக்கியோ என்ற பழைய பாலத்தைத் தாண்டியதும் சாந்தா ஃபெலிசிதாவில் பொந்தோர்மோவின் ஓவியம், அந்த இளஞ்சிவப்பும் நீலமும் எந்தப் புத்தகத்திலும் ஒழுங்காக அச்சாகவில்லை. தேவாலயங்கள் மதியம் சாத்துவார்கள், ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். தோளும் முழங்காலும் மூடிய உடை. கதீட்ரல் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது, அதை மாமியாரிடம் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள்.

இனி கார். ஃப்ளாரன்ஸ் நடு ஊர் முழுக்க வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி. தடுப்புக் கம்பி கிடையாது, போலீஸ்காரர் கை காட்டி நிறுத்த மாட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஊர் திரும்பி மாசக்கணக்கான பிறகு, முதலில் கார் கம்பெனி உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கே உங்கள் கார்டில் ஒரு தொகையை எடுக்கும். பிறகு நகராட்சி அபராதம் தபாலில் வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம். தெரு தப்பி இரண்டு கேமராவைத் தாண்டினால் இரண்டு அபராதம். ஜி.பி.எஸ். அதற்குள்ளேயே வழி காட்டும். போதாததற்கு இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதோடு ஒயின் சுவைக்கப் போகிறவர் எப்படி ஓட்டுவார்? ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் அங்கே வரம்பு. ஏஜென்ட்டுக்கு வாடகைக் காரில் கமிஷன் உண்டு, அதைத் தவிர இந்த யோசனைக்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கியாந்தியைத் திங்கட்கிழமைக்கு வைத்தது மட்டும் சரி. ஞாயிறு பஸ் குறைவு. ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் நிலையத்திலிருந்து கியாந்தியில் இருக்கும் க்ரேவே ஊருக்குப் பஸ் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். முக்கோணச் சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், அதன் கீழேயே ஒயின் கடைகள். தோட்டத்துக்கே போகவேண்டும் என்றால் அந்தத் தோட்டத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். சொல்லாமல் போய் நின்றால் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். பாட்டிலின் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியாந்தி கிளாசிகோ. வெறும் கியாந்தி என்பது வேறு, விரிந்த பரப்பில் விளைவது. கிளாசிகோவில் சாஞ்சியோவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம். ரிசெர்வா என்றால் இரண்டு வருடமாவது பழகியது. இந்த மலைப்பகுதியின் எல்லையை மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ 1716-லேயே ஆணை போட்டு வரையறுத்தார். ‘கியாந்தி டூர்’ வேன்களில் பல இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. கணவர் ஊருக்குள்ளேயே ருசி பார்க்க விரும்பினால் பழைய மாளிகைச் சுவர்களில் ஒரு குடுவை நுழையும் அளவுக்கு வளைவான சிறு ஜன்னல்கள் இருக்கும். 1630-களின் கொள்ளை நோயின்போது முகம் பார்க்காமல் ஒயின் விற்றது அவற்றின் வழியாகத்தான். 2020-இல் கொரோனா வந்தபோது சில திரும்பத் திறந்தன.

மாமியார் சாப்பாட்டுக்கு வருகிறேன். ‘சைவம்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும், ஹாம் துணுக்கு வரும். “சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா”, அதாவது இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் என்று சொல்லுங்கள். தாலியாதெல்லே, பப்பார்தெல்லே போன்ற புது பாஸ்தாவில் முட்டை இருக்கும். ஸ்பகெட்டி, பென்னே போன்ற காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. பர்மிஜானோ சீஸைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள், அவர் அதையும் பார்ப்பவர் என்றால் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் குழைத்த பாப்பா அல் பொமொதோரோ, பூண்டும் தக்காளியும் மட்டுமான மரினாரா பீட்சா இரண்டும் அவருக்குப் பிடிக்கும். ரிபொல்லித்தா என்ற பீன்ஸ், கருங்கீரை சூப்பும் நல்லது, ஆனால் இறைச்சிச் சாற்றில் வேகவைத்ததா என்று கேளுங்கள். ரொட்டியில் பழுப்பாகத் தடவித் தருவது கோழி ஈரல். ரொட்டியில் உப்பே இருக்காது, ஊர் வழக்கம் அப்படி, சமையல்காரரைத் திட்டாதீர்கள்.

கணவர் மாட்டிறைச்சி சாப்பிடுபவர் என்றால் ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற ஃபியோரெந்தினா ஸ்டேக்கின் விலை எடைக்கு. மெனுவில் 6 யூரோ என்று பார்த்து மகிழ வேண்டாம், அது நூறு கிராமுக்கு. ஒரு துண்டு ஒரு கிலோவுக்கு மேல் போகும். நல்ல கடையில் வேகவைக்கும் முன் பச்சைத் துண்டைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள், அப்போதே எடையைக் கேட்டுவிடுங்கள். பில்லில் தலைக்கு இரண்டு மூன்று யூரோ ‘கோபெர்தோ’, அதாவது மேஜையில் உட்காருவதற்கான கட்டணம், என்று வருவது ஏமாற்று இல்லை, மெனுவில் போட்டிருப்பார்கள். கதீட்ரல் பக்கம் படம் போட்ட மெனுவைக் காட்டிக் கையைப் பிடித்து இழுக்கும் கடைகளைத் தாண்டி சாந்தாம்ப்ரோஜியோ சந்தைப் பக்கம் நடங்கள். தரையில் விரித்திருக்கும் ஓவியப் பிரதிகளை மிதிக்காமல் நடப்பதும் முக்கியம், மிதித்தால் விலை கேட்டுச் சூழ்ந்துகொள்வார்கள். தெருவில் போலி பிராண்டு கைப்பை வாங்கினால் விற்றவருக்கு மட்டுமில்லை, வாங்கியவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் போட அங்கே சட்டம் இருக்கிறது.

ஒயின் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடலாம், துணியில் சுற்றிப் பெட்டியில் போடுங்கள். இந்தியாவுக்குள் வரி இல்லாமல் ஒருவர் கொண்டுவர அனுமதி 2 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு, மூன்றாவது எடுத்தால் வரி.