தள்ளுவது எது, ஓடுவது எது? மின்சாரம், காந்தம் பற்றிக் கேள்வி பதில்

மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ப்ளஸ் டூ படிப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், தோட்டத்தில் மோட்டார் ஓட்டுபவர்களும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: வோல்டேஜையும் கரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். மின்னழுத்தம் தள்ளுவது, மின்னோட்டம் ஓடுவது. எவ்வளவு தள்ளினால் எவ்வளவு ஓடும் என்பது நடுவில் இருக்கும் பொருளைப் பொறுத்தது.

மேலூர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: சார், எலக்ட்ரான் ரொம்ப மெதுவாகத்தான் நகரும் என்று டீச்சர் சொன்னார்கள். அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் லைட் எப்படி உடனே எரிகிறது? பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறதா?

டீச்சர் சொன்னது சரிதான்மா. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஒரே திசையில் ஓடினால், எலக்ட்ரானின் இழுப்புத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மணி நேரத்துக்குக் கால் மீட்டர்! வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தில் அதுகூடக் கிடையாது. வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி.

சைக்கிள் செயினைப் பாருங்கள். பெடலை மிதித்ததும் பின்சக்கரம் சுற்றுகிறது. பெடல் பக்கம் இருந்த கண்ணி பின்னால் போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை. கம்பி முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் மின்புலம் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பரவி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. அப்புறம், பல்புக்குள் போகும் கரண்டும் வெளியே வரும் கரண்டும் ஒரே அளவுதான். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை. மீட்டரில் யூனிட் என்று ஏறுவதும் அந்த ஆற்றல்தான்.

திருமங்கலம், ஆட்டோ ஓட்டுநர்: பேட்டரியிலிருந்து செல்ஃப் எடுக்கும்போது நிறைய ஆம்பியர் போகிறது என்கிறார்கள். ஆனால் இரண்டு முனையையும் கையால் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. வீட்டு லைனைத் தொட்டால் மட்டும் ஏன் ஷாக்?

அண்ணே, பேட்டரியால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது வேறு, உங்கள் கை வழியாக எவ்வளவு போகும் என்பது வேறு. காய்ந்த கைகளுக்கு இடையே 10,000 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் தள்ளினால் 1.2 மில்லி ஆம்பியர்தான் போகும். 230 வோல்ட் தள்ளினால் 23 மில்லி ஆம்பியர். கை ஈரமாக இருந்து தடை 2,000 ஓம் ஆகிவிட்டால் 115. அது உயிரையே எடுக்கும். அதே 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால், இரும்புக்குத் தடையே இல்லாத மாதிரிதான், ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். வேலை செய்யும்போது மோதிரம், இரும்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் கட்டாயம் போடுங்கள். அதற்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியாகப் போகின்றன. போன கரண்ட் முழுதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் கணக்கு இடிக்கும். வளையத்தில் மிஞ்சும் புலம் இன்னொரு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி, சுவிட்சைத் தட்டிவிடும்.

உசிலம்பட்டிப் பக்கம், விவசாயி: டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் போர் கடைசியில் இருக்கிறது. எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் லோ வோல்டேஜ். ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையணும் என்கிறான் மகன். அப்படியென்றால் காயில் ஏன் எரிகிறது?

ஐயா, மகனின் கேள்வி அருமையான கேள்வி. ஹீட்டராக இருந்தால் அவன் சொல்வதுதான் நடக்கும். ஆனால் மோட்டார் வெறும் தடை இல்லை. கரண்ட் ஓடினால் காந்தப்புலம் உண்டாகும் என்று 1820-ல் ஓர்ஸ்டெட் கண்டார். காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும் என்று 1831-ல் ஃபாரடே காட்டினார். உங்கள் மோட்டாரில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

மும்முனை மின்சாரம் வெளிச்சுருளில் போகும்போது காந்தப்புலம் சுழல்கிறது. சப்மெர்சிபிள் மோட்டாரில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று. உள்ளே இருக்கும் ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு 2,850 வாக்கில் ஓடும். அந்தச் சிறு வித்தியாசம்தான் ரோட்டாரில் கரண்டைத் தூண்டுகிறது. இப்போது வோல்டேஜ் 80 சதவீதமாகக் குறைகிறது என்று வையுங்கள். முறுக்கு விசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது, அதனால் அது 64 சதவீதத்துக்கு இறங்கும். தூக்க வேண்டிய தண்ணீரோ குறையவில்லை. ரோட்டார் பின்தங்கும். பின்தங்க பின்தங்க அதில் தூண்டப்படும் கரண்ட் ஏறும், அதற்கு ஈடுகொடுக்க வெளிச்சுருளும் லைனிலிருந்து கூடுதலாக இழுக்கும்.

இன்னும் இறங்கினால் ரோட்டார் நின்றே போய், மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். முழு வோல்டேஜில் நிற்கும் மோட்டார் வழக்கத்தைப் போல ஆறு மடங்குகூட இழுக்கும். லோ வோல்டேஜில் அது சற்றுக் குறைந்தாலும் பல மடங்குதான். வெப்பம் கரண்டின் இருமடியில் ஏறும்: ஆறு மடங்குக்கு 36 மடங்கு வெப்பம். தண்ணீர் ஓட்டமும் நின்றிருப்பதால் மோட்டாரைக் குளிர்விக்க எதுவும் இல்லை. சுருள் கம்பியின் காப்புறை கருகி, காயில் போய்விடும்.

அதனால் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் இருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள். அது டிரிப் ஆகிறதே என்று கம்பி வைத்துக் கட்டிவிட்டு ஓட்டாதீர்கள். உங்கள் காயிலைக் காப்பாற்றுவது அந்த டிரிப்தான். உறுமல் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

மதுரை, பதினொன்றாம் வகுப்பு மாணவன்: காந்தத்தை இரண்டாக வெட்டினால் வடமுனை மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையும் வந்துவிடும்.

மதுரை, ஆசிரியப் பயிற்சி மாணவி: புத்தகப் படத்தில் காந்த ஊசி நன்றாகச் சரிந்து நிற்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஏறக்குறைய கிடைமட்டமாகவே நிற்கிறது. கருவி பழுதா?

கருவி நன்றாக இருக்கிறதும்மா, நீங்கள் இருக்கும் ஊர் அப்படி. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் போகும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, தென்கோடித் தமிழ்நாட்டின் பக்கமாகப் போகிறது. அங்கே காந்தச் சரிவு, அதாவது ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், சுழி. மதுரையில் சில டிகிரிதான், சென்னையில் 14 டிகிரி அளவில், டெல்லியில் 40-க்கு மேல். 1963-ல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். அதன் மேலே, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று உயரத்தில், பகலில் பெரிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதை ஆராயத் திருநெல்வேலி அருகே ஆய்வுக்கூடமே இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளை அழைத்துப் போய், வடக்கே உள்ள ஊர்களில் கிடைக்காத இந்தக் கிடைமட்ட ஊசியைக் காட்டுங்கள்.

சிம்மக்கல், இல்லத்தரசி: இண்டக்‌ஷன் அடுப்பில் செம்புப் பானை சூடாகவில்லை. செம்பில்தானே கரண்ட் நன்றாக ஓடும்?

அதனால்தான் அம்மா. அடுப்புச் சுருளின் மாறும் புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. செம்பில் தடை மிகக் குறைவு, அதனால் போதிய வெப்பம் உண்டாகாது. இரும்பில் அந்தக் கரண்ட் மேற்பரப்பின் மெல்லிய அடுக்குக்குள்ளேயே நெருக்கப்படுவதால் தடை கூடி, சூடு ஏறும். எவர்சில்வரிலும் எல்லாம் வேலைக்கு ஆகாது. கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் வாங்கலாம்.