மழை பார்க்க வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற டிசம்பரில் மாண்டவி எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு கோவா போய்வந்தோம். பத்து வருடம் முன்பு நான் பார்த்த மோர்ஜிம் கடற்கரை இது இல்லை. ரஷ்யர்கள் குறைந்துவிட்டார்கள், பிரிட்டிஷ்காரர்கள் கண்ணிலேயே படவில்லை. பஸ் பஸ்ஸாக நம்ம ஆட்கள்தான். ஊரின் தரமே போய்விட்டது. டாலர் 80 ரூபாயைத் தாண்டிய பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தியா மலிவுதானே, ஏன் வருவதில்லை? நண்பர் ஒருவர் அங்கே சிறு விடுதி ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கலாம், கூட்டுச் சேர்கிறாயா என்கிறார். சேரலாமா?

வாசகர், டோம்பிவ்லி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டோம்பிவ்லி நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மும்பையில், கொலாபாவில் இருந்தேன். தாஜ் ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சந்தில், அத்தர் கடைப் பலகையில் அரபி எழுத்து பாதி அழிந்து கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து பெரியப்பா ஞாபகம். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் குத்தகை யோசனையெல்லாம் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் எழுதுவதே இல்லை.

சரி, முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். மாஸ்கோவிலிருந்து வருகிறவர் சம்பளம் வாங்குவது ரூபிளில். 2014 நடுவில் டாலருக்கு 34 ரூபிள். எண்ணெய் விலை சரிந்தது, கிரிமியா விவகாரத்தில் பொருளாதாரத் தடை வந்தது, வருடக் கடைசியில் 60ஐ நெருங்கிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் நம் ரூபாய் 60இலிருந்து 63க்குத்தான் போயிருந்தது. மோர்ஜிமில் ஆயிரம் ரூபாய் அறை அவருக்கு 570 ரூபிளாக இருந்தது, 900ஐத் தாண்டியது. அறைக்காரர் ஒரு பைசா ஏற்றவில்லை. ரஷ்ய எழுத்தில் மெனு கார்டு அடித்து, நன்றிக்கு ‘ஸ்பசீபா’ சொல்லக் கற்றுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், பாவம்.

பிரிட்டிஷ்காரர் கதையும் ஏறக்குறைய இதுதான். 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தார்கள். 100 ரூபாய் பக்கம் இருந்த பவுண்டு அக்டோபரில் 82க்கு இறங்கியது. 2019 செப்டம்பரில் அவர்களுடைய தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் திவாலானது. சார்ட்டர் விமானம் என்பது சீட்டும் அறையும் சேர்த்து விற்கிற மொத்த வியாபாரம். அதில் ஒவ்வொரு ஆளாகக் குறைவதில்லை, ஒரு விமானம் நின்றால் ஒரு தெருவே காலி. பிறகு கொரோனா. 2019இல் கோவாவுக்கு 9 லட்சத்துக்கும் மேல் வந்த வெளிநாட்டவர் 2023இல் பாதியாகிவிட்டார்கள். அப்புறம், நம் ரூபாய் மட்டுமா விழுகிறது? 2022இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200இலிருந்து 360 வரை போனது. கடல் அங்கேயும் இருக்கிறது. விசா, டாக்சி, குப்பை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

‘தரம் போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் வந்தவர்கள் தரத்தைக் கெடுத்தார்கள், ரயிலில் போன நீங்கள் மட்டும் கூட்டிவிட்டீர்களா? மோர்ஜிம்காரர் உங்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? 2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா வேண்டாம் என்றது. நம் முக அழகைப் பார்த்தா? சீனக் கூட்டம் முன்போலத் திரும்பவில்லை, காலி அறைகளுக்கு யாராவது வேண்டும். இப்போது பட்டாயாவில் தோசை கிடைக்கிறது. அந்தத் தோசைக் கடையைப் பார்த்து, வருடா வருடம் வருகிற யாரோ ஒரு ஜெர்மன்காரர் உங்கள் வாக்கியத்தை அப்படியே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது 1978இல். பெரியப்பா கொலாபாவில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதினார். மாட்டுங்காவிலிருந்து வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு ரயில், அங்கிருந்து நடை. ஊரே மழைக்குப் பயந்து ஒதுங்குகிற ஜூன் மாதத்தில் அங்கே அரபிகள் மழையைப் பார்க்க வருவார்கள். குடும்பம் குடும்பமாக. 1973இல் தொடங்கி எண்ணெய் 3 டாலரிலிருந்து 12 டாலர் ஆன பிறகு வந்த கூட்டம் அது. மரைன் டிரைவ் சுவரில், வெள்ளை அங்கி உடம்போடு ஒட்ட, அலை அடிக்க அடிக்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூன்று மாதமும் லாட்ஜில் அறை விலை இரட்டிப்பு. டாக்சிக்காரர்கள் எங்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். பெரியப்பா அரபியில் நூறு வரை எண்ணுவார்.

அந்த வருடம் திருநெல்வேலியிலிருந்து அத்தை பரேல் ஆஸ்பத்திரியில் காட்ட வந்திருந்தாள். எங்கள் வீடு ஒரே அறை, எட்டுப் பேர். இரண்டு நாள் லாட்ஜில் ஓர் ஓரத்து அறை கிடைக்குமா என்று பெரியப்பா கேட்டார். மேனேஜர் இல்லை என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. இவர்களை வரவேற்பறையில் உட்காரவைக்காதீர்கள், தரம் போய்விடும் என்றார். அத்தை வாசற்படியில், சாரலில், மருந்துச் சீட்டை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அரபிகளில் வயதானவர்களுக்கு ஒரு காலத்தில் நம் ரூபாய்தான் பணம். 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 6ஆம் தேதி டாலரை 4.76இலிருந்து 7.50 ஆக்கினோம். கையில் ரூபாய் வைத்திருந்த துபாய்க்காரருக்கு ஒரே ராத்திரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. அப்படிப்பட்ட கிழவர் ஒருவர் பெரியப்பாவிடம் அந்தச் சிவப்புப் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து, ‘உங்கள் சர்க்கார் எனக்குத் தர வேண்டிய பாக்கி’ என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாராம். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

1991 ஜூலையில் அத்தை மறுபடி பரேலுக்கு வந்தாள். அந்த வாரம்தான் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் ரூபாயை இரண்டு தவணையாக இறக்கினார்கள், டாலர் 21இலிருந்து கிட்டத்தட்ட 26. உங்கள் கணக்குப்படி கொலாபா நிரம்பி வழிந்திருக்க வேண்டும். குவைத் போர் முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, யாருக்கு மழை பார்க்கத் தோன்றும்? லாட்ஜ் வெறிச்சோடிக் கிடந்தது. அதே மேனேஜர், நரைத்துப்போய், முன்பக்கத்து அறையைப் பாதி விலைக்குத் திறந்துவிட்டார். ‘அம்மாவுக்கு டீ சொல்லட்டுமா?’ என்று அவரே வந்து கேட்டார். அத்தை டீயைக் குடித்துவிட்டு, படியில் உட்கார்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது.

குத்தகையை மறந்தே போனேன். எனக்குப் பழக்கமில்லாத தொழில் அது, தம்பி. எடுப்பதென்று முடிவு செய்தால், வாசலில் பஸ் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.