மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், ‘ஸ்வீட் மதர்’தான். 1976-இல் நைஜீரியாவில் வெளிவந்த பாட்டு. பாடியவர் பிரின்ஸ் நிகோ ம்பார்கா, வாசித்தது அவருடைய ரோக்காஃபில் ஜாஸ் குழு. அவருக்கு அப்பா கேமரூன்காரர், அம்மா நைஜீரியர். பாட்டிலும் அந்தக் கலப்பு இருக்கிறது: தாளம் ஹைலைஃப் (கானாவில் பிறந்த நடன இசை), கிட்டார் காங்கோ பாணி, மொழி பிட்ஜின். பிட்ஜின் என்பது ஆங்கிலச் சொற்களை உள்ளூர்ப் பேச்சின் போக்கில் போட்டுப் பேசும் சந்தை மொழி. நான் தூங்காவிட்டால் அம்மாவும் தூங்கமாட்டாள், நான் சாப்பிடாவிட்டால் அவளும் சாப்பிடமாட்டாள். வரிகள் இவ்வளவு எளிமைதான். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிற்பாதியில் குரல் ஒதுங்கிக் கிட்டார்கள் முன்னால் வந்துவிடும். அந்தக் கிட்டார் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் ‘யா அம்போன்சா’வுக்கு வந்து சேர்ந்தேன். கானாவின் குமாசி ட்ரியோ 1928-இல் லண்டனுக்குப் போய்ப் பதிவு செய்த பாட்டு. கிட்டார் வாசித்த குவாமே அசாரே, லைபீரியாவின் குரு இனத்தவர் ஒருவரிடம் பாடம் கற்றவர். குரு மக்கள் கப்பல் வேலைக்குப் பேர்போனவர்கள். துறைமுகம் துறைமுகமாகக் கிட்டாரைக் கொண்டுபோனவர்களும் அவர்களே. கரையில் அது ஒலித்தது கள்ளுக்கடைகளில். அந்த இசைக்கு ‘பாம் வைன்’, அதாவது கள் என்றே பெயர்.

வாசிப்பது இரண்டே விரல்களால். கட்டைவிரல் அடித்தந்திகளில் நடைபோட, ஆள்காட்டி விரல் மேலே மெட்டைக் கொறிக்கும். நானும் முயன்றேன். இரண்டு வாரம்வரை கட்டைவிரல் தன் நடையை விட்டுவிட்டு மற்ற விரலின் பின்னாலேயே ஓடியது. ஒருநாள் ராத்திரி இரண்டும் தானாகப் பிரிந்தன. ஒரே கிட்டாரில் இரண்டு பேர் வாசிப்பது போல இருந்தது, நிறுத்தவே மனம் வரவில்லை.

அப்புறம் இந்தக் கள்ளுக்கடை இசையிலிருந்து ஹைலைஃப் வளர்ந்த கதை பெரியது. 1950-களில் கானாவின் ஈ. டி. மென்சா அதை ட்ரம்பெட்டும் சாக்ஸபோனுமாக நடன அரங்குக்கு ஏற்றினார். ஜாஸும் ஹைலைஃபும் வாசித்து வளர்ந்த நைஜீரியாவின் ஃபெலா குட்டி, பின்னாளில் அமெரிக்க ஃபங்க் இசையையும் சேர்த்து ஆஃப்ரோபீட் என்ற புது இசை ஆக்கினார். 1990-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன்கூட ‘யா அம்போன்சா’ மெட்டை எடுத்துப் பயன்படுத்தினார்.

கேட்பதானால் முதலில் ‘ஸ்வீட் மதர்’ முழு நீளப் பதிவு, உடனே 1928 பதிவு. பழைய இசைத்தட்டு என்பதால் இரைச்சல் இருக்கும். ஹெட்ஃபோனில் அடித்தந்தியை மட்டும் கவனியுங்கள், கட்டைவிரல் நடப்பது கேட்கும்.